ஃபுளோரிடா பட்டியலும் நம் தகரக் கூரையும்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது. உங்கள் மகள் ஃபுளோரிடாவில், தம்பா நகரத்தில் வேலை செய்கிறாள். 2025 நவம்பரில் சென்யார் புயல் மலேசியாவில் நம் சிலாங்கூர் கரையைத் தொட்ட செய்தி கேட்டுப் பதறி, அங்கே ஹரிக்கேனுக்குத் தயாராகும் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும், குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பணும், ஜெனரேட்டர் வாங்கணும், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் குடிதண்ணீர் வைக்கணும் என்று இரண்டு பக்கம். உங்கள் அம்மாவோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்து உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில், பழைய லயத்து வீட்டில் தனியாக இருக்கிறார். குளியல் தொட்டியே இல்லாத வீட்டுக்கு இந்தப் பட்டியல் எதற்கு, இங்கேயெல்லாம் புயல் வருமா, வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலில் பாதி அம்மாவுக்கு வேண்டாம், பாதி கட்டாயம் வேண்டும். அதில் இல்லாத இரண்டு விஷயத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒன்று வீட்டைச் சுற்றி நிற்கும் மரம், இன்னொன்று வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம். எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். வேலையை விட்ட பிறகு பொதுத் தற்காப்புப் படையில் தொண்டராகப் படகு தள்ளியிருக்கிறேன். வானிலை நிபுணன் கிடையாது. ஆனால் தகரக் கூரையும் மெயின் சுவிட்சும் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் புயல் வருமா என்பது. ஹரிக்கேன், டைஃபூன், சைக்லோன் மூன்றும் ஒரே சங்கதிதான். அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், இந்தியப் பெருங்கடலில் சைக்லோன். காற்று சுழன்று சுற்றுவதற்குப் பூமியின் சுழற்சி கொடுக்கும் விசை வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த விசை மிகக் குறைவு. அதனால் வடக்கிலும் தெற்கிலும் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது அபூர்வம், நாம் இருப்பதும் அந்த வளையத்துக்குள்தான். "மலேசியாவுக்குப் புயல் வராது" என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்ததில் நியாயம் இருக்கிறது.

அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. 1996 டிசம்பரில் கிரெக் என்ற புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் பக்கம் ஆற்று வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கில் ஒரு புயலா என்று உலகமே அதை ஆச்சரியமாகப் பார்த்தது. இங்கே உயிர் போனது குனோங் பூலாயில், மண்சரிவில். 2021 டிசம்பரில் வந்தது புயல் என்று பெயர்கூட வைக்கப்படாத ஒரு தாழ்வு மண்டலம்தான். அது கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஆட்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம் சென்யார். மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, நவம்பர் 26 சுமத்ராவுக்குள் போய், மறுபடி கடலில் இறங்கி, 28ஆம் தேதி நம் பக்கம் வந்தது. அதே நாட்களின் பேய்மழையில் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நமக்கு அது வரும்போது வலு குறைந்துவிட்டது.

இந்த நான்கிலும் ஆளைக் கொன்றது பெரும்பாலும் காற்று இல்லை. வெள்ளமும் சரிந்து வந்த மண்ணும்தான். மகள் இருக்கும் நாட்டிலும் கணக்கு அப்படித்தான் போகிறது. அங்கே ஹரிக்கேன் என்று சொல்ல மணிக்கு 119 கிலோமீட்டர் காற்று வேண்டும், ஐந்தாம் வகை என்றால் 252க்கு மேல். அந்த எண்களைத்தான் டிவியில் காட்டுகிறார்கள். ஆனால் அங்கேயும் அதிகம் பேர் சாவது கடல் ஏறி வருவதிலும் மழை வெள்ளத்திலும். 2024 செப்டம்பரில் ஹெலீன் தம்பாவில் கரையேறவே இல்லை. கடலிலேயே வடக்கே போய், வடக்கு ஃபுளோரிடாவில் கரையேறியது. இருந்தாலும் தம்பா விரிகுடாவில் கடல் வீட்டுக்குள் புகுந்து ஆட்கள் மூழ்கினார்கள். அப்புறம் கடலே கண்ணில் படாத வட கரோலினா மலைக்குள் போய் ஊர் ஊராக அடித்துக்கொண்டு போனது. காற்றுக்கு ஒளிந்துகொள், தண்ணீருக்கு ஓடு என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பட்டியலை இதை வைத்துப் பிரித்தால் எது நமக்கு, எது அவர்களுக்கு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காற்றுப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் பக்கத்துக் காற்று பெரும்பாலும் 'சுமத்ரா' என்கிறோமே, அதுதான். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, விடியற்காலையில் நீரிணையைத் தாண்டி வரிசையாக வரும் இடிமழை. ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போய்விடும். அதன் வீச்சு சில நேரம் 60, 80 கிலோமீட்டரைத் தொடும். இதற்குப் பிளைவுட் வாங்கி ஜன்னலில் அடிக்க வேண்டியதில்லை. லூவர் கண்ணாடி ஜன்னலில் அதை அடிக்கவும் இடமில்லை. கண்ணாடியில் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுகிறார்கள் பாருங்கள், அது அமெரிக்காவிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பழக்கம். கண்ணாடி உடையத்தான் செய்யும், துண்டுகள்தான் பெரிதாக விழும்.

கூரைக்கு மட்டும் ஒருநாள் ஒதுக்குங்கள். அங்கே பெருங்காற்றில் கராஜ் கதவு உள்ளே நொறுங்கி, காற்று புகுந்து, கூரையைத் தூக்கும். நம் லயத்தில் அந்த வேலையைச் செய்வது முன்னால் இழுத்துக் கட்டிய பந்தலும் பின்னால் நீட்டிய அடுக்களையும். பழைய லயத்துக் கூரை நன்றாகத்தான் கட்டியிருப்பார்கள். பிற்பாடு நாமே இழுத்த தகரத்தில்தான் கோளாறு. ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். வெயிலில் காய்ந்து, விரலால் தொட்டால் கருப்புப் பொடியாக உதிரும். அது போய்விட்டால் ஆணிக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். மழையில் ஒழுகும், காற்றில் தகரம் படபடவென்று அடித்து ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஆணியைப் பிடுங்கிவிட்டு ரப்பர் வளையம் உள்ள கூரை ஸ்க்ரூவாகப் போடச் சொல்லுங்கள். ஓரத்து வரிசைக்கு நெருக்கமாகப் போடணும், காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். தகரம் பறக்காமல் இருக்கப் பழைய டயரும் செங்கல்லும் ஏற்றி வைத்திருந்தால் இறக்கிவிடுங்கள். தகரம் போகும்போது செங்கல்லும் சேர்ந்துதான் பறக்கும்.

இனி மரம். பட்டியலில் "கிளைகளை வெட்டுங்கள்" என்று ஒரே வரிதான் இருக்கும். நமக்கு அது போதாது. லயத்துக்குப் பக்கத்தில் நிற்பது இருபது இருபத்தைந்து வருடத்துச் செம்பனை, ரப்பர் காலத்தில் விட்டுவைத்த ஒன்றிரண்டு பால்மரம், யாரோ நட்ட ரம்புத்தான். பால்மரம் காற்றில் சட்டென்று முறியும், அது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். செம்பனைதான் ஏமாற்றும். கானோடெர்மா என்று ஒரு காளான் அடித்தண்டை உள்ளிருந்து தின்னும். மேலே மட்டை பச்சையாக இருக்கும், குலைகூடத் தள்ளியிருக்கும், அடியில் கூடு. ஆலைக்குப் போகும் பாதையில் காற்றே இல்லாத ஒரு மத்தியானம் அப்படி ஒரு மரம் சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். முறிந்த இடம் ஈரமான மரத்தூள் மாதிரி இருந்தது.

அம்மா வீட்டைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கீழே போய் நில்லுங்கள். அடித்தண்டில், மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, பளபளவென்று மெருகு பூசின மாதிரி, வெள்ளை விளிம்போடு தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறதா பாருங்கள். விரியாத குருத்து மூன்று நான்கு ஒன்றாக ஈட்டி போல நிற்கிறதா, கீழ்மட்டைகள் பாவாடை மாதிரித் தண்டோடு தொங்குகின்றனவா பாருங்கள். பாராங் கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், கெட்ட மரம் காலி டின் மாதிரிக் கேட்கும். சந்தேகம் இருந்தால் வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, தேதி போட்டு, தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். மரம் அவர்களுடையது, வெட்ட வேண்டியதும் அவர்கள்தான். எழுத்தில் போன விஷயம் நகரும்.

மரத்தை உடனே வெட்டாவிட்டால் அம்மா படுக்கும் இடத்தை மாற்றுங்கள். மரத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்து, அது எந்தப் பக்கம் விழுந்தாலும் எட்டாத அறையில் கட்டிலைப் போடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதில்தான் நான் ஒருமுறை முட்டாள்தனம் பண்ணினேன். அப்போது ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். மண்டபத்துத் தூணில் பழைய வெள்ளத்தின் கோடு ஒன்று கருப்பாக நிற்கும். பெரியவர்கள் அதைத்தான் காட்டுவார்கள், அதுக்கு மேல ஏறவே ஏறாது தம்பி என்று. ஒரு டிசம்பர் இரவு மழை விடவில்லை. நான் கோட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படி கோட்டுக்கு மேலே இருந்தது. மோட்டார் சைக்கிளை அஞ்சடியில், அதாவது முன் தாழ்வாரத்தில், ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். காலை நான்கு மணிக்கு என் அம்மா எழுப்பினார், காலில் செருப்பு தட்டுப்படலையே என்று. செருப்பு அடுக்களைப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் கோட்டுக்கு ஒரு முழம் மேலே போனது. எழுபது வயது அம்மாவை இருட்டில், இடுப்பளவு ஓடும் தண்ணீரில், இரண்டு பேர் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினோம். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே நடந்து காரில் ஏறியிருப்பார்.

பழைய கோட்டை நம்பாதீர்கள். மேலே காட்டை வெட்டித் தாமான் என்று குடியிருப்புகள் கட்டியாகிவிட்டது, வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் கோடு போட்ட காலத்து ஆறு இப்போது இல்லை. இன்னொன்று, நம் சிலாங்கூர் ஆறு கோல குபு பாரு மலையிலிருந்து வருகிறது. அங்கேயும் பத்தாங் காலி பக்கமும் கொட்டிய மழை நமக்கு வந்து சேரும்போது நம் ஊரில் வானம் வெளுத்திருக்கலாம். மழை நின்றுவிட்டது என்று ஆட்கள் பாய் விரிக்கும் நேரத்தில்தான் ஆறு ஏறும்.

மகளுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் நேரம்தான். அவளுக்கு ஹரிக்கேன் நான்கைந்து நாள் முன்பே வரைபடத்தில் தெரியும். பெருங்காற்று தொடுவதற்கு 48 மணி நேரம் இருக்கும்போது முதல் அறிவிப்பு, 36 மணி நேரம் இருக்கும்போது எச்சரிக்கை. சென்யாருக்குப் பெயர் வைத்தது 26ஆம் தேதி, நம் கரைக்கு வந்தது 28. சாதாரண மழை வெள்ளத்துக்கு அந்த இரண்டு நாள்கூடக் கிடைக்காது. அதனால் கிளம்பலாமா வேண்டாமா என்று அந்த இரவில் யோசிக்கக் கூடாது, இப்போதே முடிவு பண்ணி வைக்கணும்.

நம் வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் அபாயம். மைசுவாச்சா (myCuaca) செயலியில் வரும். ஆற்று மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையப் பக்கம் இருக்கிறது. சிலாங்கூரைத் தட்டினால் ஒவ்வொரு நிலையத்திலும் தண்ணீர் சாதாரணமா, வஸ்பாடாவா (விழிப்பு), அமாரானா (எச்சரிக்கை), பஹாயாவா (அபாயம்) என்று காட்டும். உங்கள் பக்கத்து நிலையத்தை மட்டும் பார்க்காதீர்கள், மேலே உள்ளதையும் பாருங்கள். என் வீட்டுக் கணக்கு இது: மஞ்சளுக்குப் பை வாசலுக்கு வரும், ஆரஞ்சுக்கு வயதானவர்கள் கிளம்புவார்கள். மேல்நிலையம் அமாரான் காட்டினால் நிறம் எதுவானாலும் கிளம்பியாச்சு. பத்தில் ஏழு தடவை வீண் பயணம்தான். அம்மா முணுமுணுப்பார், சோறு வடித்தது வீணாப் போச்சு என்பார். பரவாயில்லை.

எங்கே போவது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். தற்காலிக நிவாரண மையம் பெரும்பாலும் பள்ளியாகவோ பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபமாகவோ இருக்கும். எது என்று கிராமத் தலைவருக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ தெரியும். அங்கே போக எந்தப் பாதை என்பது அதைவிட முக்கியம். தோட்டத்துச் செம்மண் சாலையில் வாய்க்காலுக்கு மேலே குழாய் போட்ட இடங்கள் இருக்கும். தண்ணீர் ஏறினால் முதலில் அரிப்பது அந்த இடம். மேலே பார்த்தால் ரோடு மாதிரியே தெரியும், அடியில் மண் இருக்காது. நம் வட்டாரத்தில் பழைய ஈயக் குட்டைகள் வேறு. வெள்ளம் பரவினால் சாலை எது குட்டை எது என்று பகலிலேயே தெரியாது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தடுமாற வைக்கும், 30 சென்டிமீட்டர் சின்னக் காரை நகர்த்தும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். கணுக்காலும் முழங்காலும்தான், வேறொன்றுமில்லை.

பைக்குள் என்ன? பட்டியலில் உள்ளது எல்லாம் சரிதான், தண்ணீர் கணக்கு உட்பட. ஒரு காலன் என்பது ஏறக்குறைய நான்கு லிட்டர், மூன்று நாளைக்குப் பன்னிரண்டு. தொட்டிக்குப் பதில் மூடி போட்ட பிளாஸ்டிக் தோம்பில் கழுவ நிரப்பி வைத்தால் போதும். சாப்பாட்டுக்கு அடுப்பு கேட்காததாகப் பாருங்கள்: கிரீம் கிராக்கர், சார்டின், மைலோ. டின் திறப்பானை மறந்துவிட்டு சார்டினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மருந்து இரண்டு வாரத்துக்கு, கிளினிக் அட்டையோடு. இன்சுலின் போடுபவர் என்றால் ஐஸோடு ஒட்டாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைந்துவிட்டால் அது ஆகாது.

காகிதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், அப்பாவின் இறப்புப் பத்திரம். தோட்டத்தில் பிறந்த பழைய ஆட்களுக்கு அந்த ஒரு தாள் கிடைக்கவே எத்தனை அலைச்சல் என்று உங்களுக்குத் தெரியும். தொலைந்தால் அதே அலைச்சல் மறுபடியும். ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுப் போட்டு, அலமாரிக்கு மேலே இல்லை, கிளம்பும் பைக்குள்ளேயே வையுங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள். தம்பாவில் ஒரு நகல் இருக்கட்டும்.

கிளம்புமுன், தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை இறக்குங்கள். கேஸ் தோம்பின் வாயை மூடி, கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். பாதி காலியான தோம்பு வெள்ளத்தில் மிதக்கும், இழுத்துக்கொண்டு போய்க் குழாயைப் பிய்க்கும். தரையில் ஏற்கெனவே தண்ணீர் வந்துவிட்டால் சுவிட்ச் பெட்டிப் பக்கமே போகாதீர்கள். அப்படியே வெளியே வந்து, மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454க்குக் கூப்பிடுங்கள். உயிர் ஆபத்து என்றால் 999.

ஜெனரேட்டர் வேண்டாம். அங்கே ஹரிக்கேனில் தப்பியவர்கள் அடுத்த நாள் ஜெனரேட்டர் புகையில் இறப்பது ஒவ்வொரு பருவமும் நடக்கிறது. 2020இல் லாரா ஹரிக்கேனுக்குப் பிறகு லூசியானாவில் நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். அந்தப் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மழை நனைக்கிறதே என்று அடுக்களையிலோ அஞ்சடியிலோ வைத்தால், சுவரைப் பங்கு போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக்கும் அது போகும். இன்னொரு கொடுமை, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் செய்து ஜெனரேட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் சொருகுவது. மின்சாரம் பின்னால் ஓடி வெளிக்கம்பிக்கு ஏறும், கம்பம் ஏறி வேலை செய்பவன் சாவான். முப்பது வருடத்தில் எனக்குக் கோபம் வந்த வேலை இது ஒன்றுதான். அம்மாவுக்கு ஒரு நல்ல டார்ச்சும், கைப்பேசிக்கு இரண்டு பவர் பேங்கும் வாங்கிக் கொடுங்கள்.

தண்ணீர் வடிந்து திரும்பி வரும்போது முதலில் உள்ளே போக வேண்டியது நீங்கள், அம்மா இல்லை. கையில் நீளமான கம்பு, காலில் தோட்டத்து பூட்ஸ். செம்பனைக் காட்டில் எலி அதிகம், எலி இருந்தால் நாகம் இருக்கும். வெள்ளத்தில் இரண்டுமே காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள்தான் வரும். சுருட்டிய பாய், அடுக்கிய துணி, அலமாரிக்குப் பின்னால் என்று கம்பால் தட்டிப் பாருங்கள். வயரிங் பார்க்கத் தெரிந்தவர் சரி என்று சொல்லும்வரை மெயின் சுவிட்சை ஏற்ற வேண்டாம். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் சேற்றில் இறங்காதீர்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் வெள்ளத்தண்ணீரில் நடந்தேன் என்று வாயைத் திறந்து சொல்லணும். எலிக் காய்ச்சலைச் சீக்கிரம் பிடித்தால் மருந்து இருக்கிறது. சொல்லாவிட்டால் டெங்கி என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ நினைத்து நாள் போய்விடும்.

மகளிடமும் ஒன்று கேளுங்கள். ஃபுளோரிடாவில் கடல் ஏறி வரும் ஆபத்தை வைத்து ஊரை ஏ, பி, சி என்று எழுத்து மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த எழுத்துக்காரர் வெளியேற வேண்டும் என்றுதான் அறிவிப்பு வரும். ஜூன் 1இலிருந்து நவம்பர் 30வரை அங்கே பருவம். நமக்கு இரண்டு பக்கம் அனுப்பியவள், தன் வீடு எந்த எழுத்தில் வருகிறது என்று பார்த்து வைத்திருக்கிறாளா?